இருபது டிகிரிக்கு அப்பால்

2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-18 நான்கு செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் பெரியது, இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் கூட்டாக உருவாக்கிய மேகா-டிராபிக்ஸ். எடை ஏறக்குறைய 1000 கிலோ. உடன் சென்ற எஸ்.ஆர்.எம்.சாட், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்களின் ஆக்கம். எடை 11 கிலோவுக்கும் குறைவு. செய்தித்தாள்கள் அன்று பெரியதைக் கொண்டாடிச் சிறியதை ஒரு பத்தியில் முடித்தன. ஆனால், புவி வெப்பத்தை விண்ணிலிருந்து அளந்த வரலாற்றில் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேகா-டிராபிக்சில் இருந்த ஸ்காராப் என்னும் கருவி, புவி விண்ணுக்கு இழக்கும் வெப்பத்தை மொத்தமாக அளந்தது. வெப்பமண்டல மழையை அறிவதே திட்டத்தின் நோக்கமாதலால் சுற்றுப்பாதையின் சாய்வு 20 டிகிரி. மும்பை 19 டிகிரி வடக்கில் உள்ளது. எனவே அப்பாதையின் வட எல்லை மாட்டுங்காவைச் சற்றே கடந்து திரும்பிவிடும். துருவங்கள் அதன் பார்வையில் ஒருநாளும் படவில்லை. எஸ்.ஆர்.எம்.சாட்டின் பாதையும் அதுவே. கரியமில வாயுவையும் நீராவியையும் கண்காணிக்க அமைந்த அதன் நிறமாலைமானி ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கவல்லது; ஆயினும் அது நோக்கியது எதிரொளிக்கும் சூரிய ஒளியின் அண்மை அகச்சிவப்பை. ஒன்று வெப்பத்தை அளந்தது, பிரிக்கவில்லை. மற்றொன்று பிரித்தது, ஆனால் வெப்பத்தை அன்று.

பிரித்தறிவதால் என்ன பயன்? குளிர்ந்த பொருள் நீண்ட அலைநீளங்களிலேயே மிகுதியாக வெப்பம் உமிழும். 15 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட தொலை அகச்சிவப்பை நீராவி விழுங்கிவிடும். ஆடி மாதத்து மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் சாலை உமிழும் அவ்வகை வெப்பம் தலைக்கு மேலுள்ள ஈரக்காற்றிலேயே சிக்கிக்கொள்ளும். நேராக விண்ணை எட்டாது. துருவக் குளிர்காலக் காற்று வறண்டது. அங்கே அந்தச் சாளரம் ஓரளவு திறக்கிறது. ஆர்க்டிக் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு இப்பட்டையில்தான் வெளியேறுகிறது. பனிக்கட்டி உருகிக் கடல்நீர் வெளிப்படும்போது இந்த இழப்பு எவ்வாறு மாறும் என்பதை அளந்து அறியாமல், பருவநிலை மாதிரிகள் நெடுங்காலம் ஊகத்தையே நம்பி நின்றன.

மொத்த அளவீட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சென்னையில் பிறந்த வீ. ராமநாதனும் உடன் ஆய்வாளர்களும், மேகங்கள் நிகர விளைவில் புவியைக் குளிர்விக்கின்றன என்று 1989இல் நிறுவியது மொத்த அளவீட்டைக் கொண்டே. 1970இல் ஏவப்பட்ட நிம்பஸ்-4 அலைநீளம் பிரித்து 25 மைக்ரோமீட்டர் வரை நோக்கியது. பின்னர் வந்த பெரும் வானிலைக் கருவிகளோ 15ஐ ஒட்டியே நின்றுவிட்டன. நீண்ட அலைகளை உணரும் நுண்கருவிகளைக் கடுங்குளிரில் வைத்திருப்பது பெருஞ்செலவு.

அத்தகைய குளிரூட்டல் தேவைப்படாத வெப்ப உணரிகளைக் கொண்டு நாசா அமைத்த திட்டம் பிரிஃபயர். காலணிப் பெட்டி அளவிலான இரு செயற்கைக்கோள்கள், 2024 மே 25 அன்றும் ஜூன் 5 அன்றும் நியூசிலாந்தின் மாஹியாவிலிருந்து ஏவப்பட்டன. துருவங்களை ஒட்டிச் செல்லும் பாதையில், 5 முதல் 53 மைக்ரோமீட்டர் வரையிலான வெப்பத்தைப் பிரித்து அளக்கும் வகையில் அவை அமைக்கப்பட்டன. ஒன்று கடந்த இடத்தைச் சில மணிநேரம் கழித்து மற்றொன்று கடக்கும். அவ்விடைவெளியில் பனியும் மேகமும் மாறியிருந்தால், அம்மாற்றத்தையும் அளவீடு காட்டும்.