போட்டியில்லாத ஊர்

1937 மே மாதம் ஜெர்சி சிட்டியில் நடந்த நகராட்சித் தேர்தலில் ஃபிராங்க் ஹேக் பெற்ற வாக்குகள் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேல். எதிர்த்து நின்றவருக்கு ஏழாயிரம்கூடத் தேறவில்லை. நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்தால் வந்துவிடும் ஊர் அது. ரயில் முனையங்களும் தொழிற்சாலைகளுமாக மூன்று லட்சம் பேர் வாழ்ந்த அந்த நகரத்தில், 1917 முதல் 1947 வரை மேயர் நாற்காலியில் ஒரே ஆள்தான் இருந்தார்.

இவ்வளவு பெரிய வெற்றியைக் கள்ள ஓட்டு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றும். அந்தப் புகார்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஊரில் பெரும்பாலோர் மனமறிந்து ஹேக்குக்கே வாக்களித்தார்கள் என்பதுதான் யோசிக்கவேண்டிய விஷயம். வாக்குப்பதிவு நாள் வருவதற்கு வெகுமுன்பே அங்கே போட்டி ஒழிக்கப்பட்டிருந்தது.

ஹேக் 1876-இல் ‘குதிரைலாடம்’ என்று பெயர்பெற்ற ஏழை அயர்லாந்துக்காரர் குடியிருப்பில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. இருபது வயதில் கான்ஸ்டபிள் பதவிக்கு நிற்கவைத்து, நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளக் கையில் 75 டாலரும் கொடுத்தவர் நெட் கென்னி என்ற மதுக்கடைக்காரர். இந்தப் பெயர் பிறகும் வரும். 1913-இல் நகர நிர்வாகம் ஐந்து கமிஷனர்களிடம் வந்தபோது ஹேக் அவர்களில் ஒருவராகிக் காவல்துறையைக் கையில் எடுத்தார். நான்கு ஆண்டுகளில் மேயர். எந்த அரசியல் முதலாளிக்கும் கட்டுப்படாதவர்கள் என்பதே 1917-இல் அவருடைய அணியின் முழக்கம்.

அவர் கட்டியெழுப்பிய ஏற்பாடு வார்டு வார்டாக, தெருத் தெருவாக இறங்கியது. வேலை வேண்டுமா, குளிருக்கு நிலக்கரி வேண்டுமா, மகன் போலீசில் மாட்டிக்கொண்டானா? வார்டுத் தலைவரைப் பார்த்தால் போதும். நகராட்சி ஊழியர்கள் சம்பளத்தில் 3 சதவீதத்தை ஹேக்கின் ஜனநாயகக் கட்சிக்குக் கட்டினார்கள். எதிர்த்துப் பேசிய வீட்டுக்காரருக்குச் சொத்துவரி மதிப்பீடு ஏறும். எதிரணியில் நிற்பவர் தோல்வியை மட்டுமல்ல, தன் உறவினர்களின் வேலையையும் எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது. ஆண்டுக்கு 8,500 டாலருக்கு மேல் சம்பளம் வாங்காத மேயருக்கு ஃபுளோரிடாவில் மாளிகை இருந்தது ஊரறிந்த செய்தி.

ஆனால் மருத்துவமனையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. குன்றின்மேல் உயர்ந்த கட்டடங்களாக எழுந்த மெடிக்கல் சென்டரில் பணமில்லாதவர்களுக்கும் நல்ல சிகிச்சை கிடைத்தது. தன் தாயார் மார்கரெட்டின் பெயரில் ஹேக் 1931-இல் திறந்த மகப்பேறு மருத்துவமனை, நாட்டிலேயே மிக அதிகமாகப் பிரசவம் பார்த்த இடங்களில் ஒன்று. பெருமந்தத்தில் வேலையிழந்த ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்! மத்திய அரசின் நிதியும் அங்கே கொட்டியது. 1932 தேர்தலில் ஹேக்கின் படைபலத்தைக் கண்டிருந்த அதிபர் ரூஸ்வெல்ட், 1936 அக்டோபரில் மெடிக்கல் சென்டர் விழாவுக்கு நேரில் வந்தார். பிள்ளை பெற்றுத் திரும்பிய தாய் ஹேக்குக்கு வாக்களித்ததில் குறைசொல்ல என்ன இருக்கிறது? குறை, அந்தச் சிகிச்சை ஒரு தனிமனிதரின் தயவாக அவள் கைக்கு வந்ததில்தான்.

ஹேக்கின் கை ஊரோடு நிற்கவில்லை. 1937 நவம்பரில் நியூஜெர்சி ஆளுநர் தேர்தலில், ஜெர்சி சிட்டி அடங்கிய ஹட்சன் கவுண்டி நீங்கலாகப் பார்த்தால் முன்னிலையில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் லெஸ்டர் கிளீ. ஹட்சனின் பெட்டிகள் ஹேக்கின் ஆளான ஹாரி மூரை ஜெயிக்கவைத்தன. வாக்குகளை எதிர்த்து கிளீ வழக்காடியும் பலனில்லை. 1939-இல் அதே மூர், ஹேக்கின் மகனை மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாக்கினார்.

அதே காலத்தில் சிஐஓ தொழிற்சங்கத்தார் ஜெர்சி சிட்டிக்குள் வந்தார்கள். கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது, துண்டறிக்கைகள் பறிக்கப்பட்டன. ஆட்களைப் படகில் ஏற்றி நியூயார்க்குக்கே திருப்பி அனுப்பினார்கள். 1938-இல் பேசவந்த சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸுக்கும் அதே கதிதான். “நானே சட்டம்” என்று ஹேக் சொன்னது 1937-இல். அவர் அதைச் சொன்னது தொழிற்சங்கங்களைப் பற்றி அல்ல. சட்டவிதிகளை ஒதுக்கிவைத்து இரண்டு சிறுவர்களுக்கு வேலை வாங்கித்தந்த கதையைச் சொல்லும்போது. ஊருக்கு நல்லது செய்கிறவர் தன்னைச் சட்டத்துக்கு மேலாக எண்ணத் தொடங்குவது எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்பதை அந்தச் சூழலே அதிகம் காட்டுகிறது. சிஐஓ தொடுத்த வழக்கில் 1939-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹேக்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெருக்களும் பூங்காக்களும் காலங்காலமாக மக்கள் கூடிப் பேசுவதற்கான இடங்கள் என்று நீதிபதி ராபர்ட்ஸ் அதில் எழுதிய வாசகத்தை வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள்.

அப்படியும் ஹேக் 1941-இலும் 1945-இலும் வென்றார். 1947-இல் பதவி விலகி, சகோதரி மகன் ஃபிராங்க் ஹேக் எகர்ஸை மேயராக்கினார். நாற்காலி குடும்பச் சொத்தாவதை அவருடைய ஆட்களே விரும்பவில்லை. இத்தாலிய, போலந்து வம்சாவளி மக்கள் ஊரில் பெருகியும் பதவிகள் அயர்லாந்துக்காரர்களிடமே இருந்தன. இந்தக் கசப்பையெல்லாம் ஒன்றுதிரட்டி, இத்தாலியரையும் போலந்துக்காரரையும் தன் அணியில் நிறுத்தி, 1949 மே மாதம் எகர்ஸைத் தோற்கடித்தவர் ஹேக்கிடமே வார்டுத் தலைவராக இருந்த ஜான் கென்னி. 75 டாலர் கொடுத்த அந்த மதுக்கடைக்காரரின் மகன்.

சுதந்திர அணி என்ற பெயரில் வந்த கென்னி 1953-இல் மேயர் பதவியைவிட்டு இறங்கினார். ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஹட்சன் கவுண்டியில் யார் நிற்பது, யார் ஒதுங்குவது என்று முடிவு செய்தவர் அவரே. அவர் வீழ்ந்ததும் தேர்தலில் அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் மத்திய அரசு தொடுத்த ஊழல், வரி ஏய்ப்பு வழக்கில்.