தீபாவளிப் பொட்டலமும் தாராவி முறுக்கும்

ஐப்பசி நெருங்கினால் எங்கள் தேவ்நார் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான். யாருக்கு என்ன கொடுப்பது? பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களுக்கு ஒரு தட்டு, வாட்ச்மேனுக்கு ஒரு பொட்டலம், ஆபீஸுக்கு ஒரு டப்பா, வேலைக்கு வரும் பாயிக்குப் புடவையோடு அரை கிலோ ஸ்வீட். (பாயி என்றால் இங்கே வீட்டு வேலை செய்யும் அம்மா. நம்மூர் பாய் இல்லை :-)) முன்பெல்லாம் எல்லாமே வீட்டில் சுட்டது. இப்போது பாதிப் பேர் செம்பூர் ஸ்டேஷன் பக்கமோ மாட்டுங்காவிலோ வாங்கிவிடுகிறோம். அந்த முறுக்கை எங்கே சுட்டார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டால் சிரித்து மழுப்புவார். பல நேரம் பதில் தாராவி.

சரி, கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

மும்பையில் நம் ஆட்கள் என்றதும் மாட்டுங்காவின் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு தலைமுறை முன்பே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். பாந்திராவில் இறைச்சிக்கூடம் இருந்தது. அங்கிருந்து கிடைத்த தோலை நம்பிப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் ஆலைகள் வந்தன. 1887லேயே தாராவியில் தோல் ஆலை உண்டு. நெல்லைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளும், தோல் வேலைக்கு வந்த ஆதிதிராவிடர்களும், பின்னால் நாடார்களும் அங்கே குடியேறினார்கள். ஊரில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் என்ன செய்தார்களோ, அதையே ஒற்றை அறை வீட்டு அடுப்பில் செய்தார்கள்.

மாட்டுங்கா கதை வேறு. 1896 பிளேக்குக்குப் பிறகு 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து, தாதர் மாட்டுங்கா பக்கம் மனை பிரித்தார்கள். 1920கள், 30களில் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலியிலிருந்து இங்கிலீஷ் படித்த பையன்கள் வந்து இறங்கினார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932ல் பள்ளிக்கூடம் தொடங்கியது. பெரும்பாலும் பிரம்மச்சாரிகள். அடுப்பே இல்லாதவன் பண்டிகைக்கு யாரைக் கூப்பிடுவான்? ஆகவே விருந்து மெஸ்ஸில்தான். 1937ல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1940ல் கஃபே மெட்ராஸ், 1942ல் ராமா நாயக்கின் கிருஷ்ணா போர்டிங் என்று வரிசையாக வந்ததற்கு இந்த அடுப்பில்லாக் கூட்டம்தான் காரணம். இவற்றில் பாதி உடுப்பிக்காரர்களுடையது என்பதை நம் ஆட்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

ராமா நாயக் கடை திறந்த மறு வருஷம், 1943ல், யுத்தத் தட்டுப்பாட்டால் பம்பாயில் ரேஷன் வந்தது. இந்தியாவில் முழுசாக ரேஷனுக்குள் போன முதல் பெரிய நகரம் இதுதான். அரிசியும் சர்க்கரையும் கார்டில்தான். யுத்தம் முடிந்தும் அந்தப் பழக்கம் நெடுநாள் விடவில்லை. 1960களில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, விருந்துக்கு இத்தனை பேருக்கு மேல் சாப்பாடு போடக்கூடாது என்று பல மாநிலங்களில் விருந்தினர் கட்டுப்பாட்டு உத்தரவே போட்டார்கள். தீபாவளித் தட்டில் ஒரே ஒரு இனிப்பும் மீதியெல்லாம் காரமுமாக வைக்கும் பழைய பம்பாய்க் குடும்பங்களை இன்றும் பார்க்கலாம். அது ருசி சம்பந்தப்பட்டதல்ல, சர்க்கரைக் கார்டின் மிச்சம் என்பது என் கணிப்பு.

குடிக்கக் கொடுப்பதிலும் சட்டம் புகுந்தது. 1949ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்து 1950ல் நகரமே காய்ந்து போனது. (பெயர் மாறி அந்தச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. காகிதப்படி இன்றைக்கும் வீட்டில் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கக்கூட பர்மிட் வேண்டும். எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.) தாராவியின் சதுப்பு ஓரம் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போனது இந்தக் காலத்தில்தான். மாட்டுங்காக்காரர்களுக்குக் கவலையே இல்லை, அவர்களிடம் காபி இருந்தது. 1936லேயே சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறந்தாயிற்று. மாட்டுங்காவில் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகள் வந்தாயிற்று. வறுத்த அன்றே அரைத்த பொடி அரைக் கிலோ, சிக்கரி எவ்வளவு என்று கேட்டுச் சொல்லி வாங்கிப் போய்க் கொடுப்பது இந்த ஊர்த் தமிழரின் தனி மரியாதை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஸ்வீட் பெட்டி பத்து வீட்டிலிருந்து வரும், நல்ல காபிப் பொடி ஒரு வீட்டிலிருந்துதான் வரும்.

1966ல் சிவசேனா தொடங்கியது. முதல் குறியே தென்னிந்தியர்கள். வேலையைப் பறிக்கிறார்கள் என்று ஊர்வலம், உடுப்பி ஹோட்டல்கள் மேல் கல். அந்த வருஷங்களிலும் மராத்தி வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் நடுவே தீபாவளித் தட்டு போய் வந்துகொண்டுதான் இருந்தது. மேலே கவர் போட்ட எவர்சில்வர் தட்டு. திரும்பும்போது வெறுமையாக வராது, அவர்கள் வீட்டுப் பலகாரத்தோடு வரும்.

அது சும்மா நடந்ததில்லை. வடக்கே பெரும்பாலானவர்களுக்குத் தீபாவளி என்றால் அமாவாசை இரவு லட்சுமி பூஜை. நமக்கு நரக சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியல். மராத்திக்காரர்களுக்கும் அதே நாள், அதே விடியல், அதே எண்ணெய், உட்டணே பூசிக் குளியல். முடித்ததும் நாம் லேகியம் விழுங்குவோம், அவர்கள் ஃபராள் தட்டுக்கு முன்னால் உட்காருவார்கள். அதில் இருப்பதைப் பாருங்கள். கரஞ்சி நம் சோமாசி. அனர்சே நம் அதிரசம். ஊறவைத்து, அரைகுறையாய் உலர்த்தி, இடித்த அரிசி மாவில் வெல்லம் சேர்த்து நாள்கணக்கில் வைக்கிற அதே மாவுதான். நாம் இரண்டு பக்கமும் வேகவைத்து எண்ணெயைப் பிழிவோம். அவர்கள் ஒரு பக்கம் கசகசா ஒட்டி, திருப்பாமலே எடுப்பார்கள். சக்லி நம் முறுக்கு. நாம் பச்சரிசி மாவில் வறுத்த உளுந்து மாவு சேர்ப்போம். அவர்களுடையது பாஜணி: அரிசி, கடலைப்பருப்பு, உளுந்து எல்லாவற்றையும் தனியா, சீரகத்தோடு வறுத்து அரைத்த மாவு. நிறம் செம்மை, கடித்தால் மசாலா வாசனை.

இந்த உறவுதான் தாராவியில் தொழிலானது. தோல் ஆலைகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1971ல் இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து எங்கள் தேவ்நாருக்கு வந்துவிட்டது, அடுத்த இருபது வருஷத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வீட்டு அடுப்பில் பலகாரம் சுடத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் வாணலியைப் பெரிதாக்கின. விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பானையோடு நகரம் முழுக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம், சக்லியும் முறுக்கும் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். பாஜணி மாவைப் பிசையக் கற்றுக்கொண்டார்கள். தமிழ்க் கடைக்கு வெள்ளை முறுக்கு, தாதர் கடைக்குச் சிவந்த சக்லி. பெரிய பாலித்தீன் பைகளில் பேர் இல்லாமல் போகும், கடையில் கடையின் பேர் ஒட்டப்படும். ஆக, எழுபதுகளில் தமிழனை விரட்டச் சொன்ன வீட்டின் பேரன் இன்று கடிக்கிற தீபாவளி சக்லி, திருநெல்வேலிக்காரர் பட்டறையில் சுட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்றைய பட்டறைகளில் அடுப்படியில் நிற்பவர்களில் பலர் உத்தரப் பிரதேசம், பீகார் பையன்கள். தரைத்தளத்தில் வாணலி, ஏணி வைத்து ஏறினால் மேல் தட்டில் படுக்கை. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பிருந்து அடுப்பு அணையாது.

அந்த ஏணியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு டெண்டரை அதானி குழுமம் வென்றது. மாநில அரசோடு சேர்ந்த கம்பெனியின் பெயர் இப்போது நவபாரத் மெகா டெவலப்பர்ஸ். விதி இதுதான்: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011 தொடக்கம் வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல் தட்டில் இருப்பவருக்கும் வெளியேதான், வாடகைத் தவணையில். வெளியே என்றால் எங்கே? உப்பளங்கள் உண்டு. அதோடு 2024ல் அரசு ஒதுக்கியது தேவ்நார் குப்பைமேட்டில் 124 ஏக்கர்.

குப்பைமேட்டை எங்களுக்கு நன்றாகத் தெரியும். 1927லிருந்து நகரம் தன் எச்சிலையைக் கொண்டுவந்து கொட்டும் இடம், 300 ஏக்கருக்கு மேல். 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பையை அகற்ற 2025ல் மாநகராட்சி டெண்டர் விட்டது. அது முடிந்துதான் வீடு.

இடம் மட்டும் பிரச்சினை என்றால் கூடத் தாங்கலாம். தேவ்நார் ஒன்றும் ஊரில்லாக் காடு இல்லை, நாங்களும் இங்கேதான் இருக்கிறோம். முறுக்குத் தொழில் ஒரு வீட்டால் நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். மாவு அரைக்கும் மில், எண்ணெய் டின் கடனுக்குத் தரும் கடை, பொட்டலம் கட்ட வரும் பக்கத்துச் சந்துப் பெண்கள், சயான் மாஹிம் இரண்டு ஸ்டேஷனும் நடை தூரம், எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பட்டறை. பட்டறை முதலாளிக்குத் தாராவியில் இடம் கிடைத்து, வாணலி முன் நிற்பவன் மட்டும் மாடிக் குடித்தனத்துக்காரன் என்று தேவ்நாருக்கு அனுப்பப்பட்டால், விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட அவன் எந்த ரயிலில் போவான்? பதினைந்தாவது மாடி 300 சதுர அடியில் அவனே தொழில் போடலாம் என்றால், எந்த ஹவுசிங் சொசைட்டி இருபது லிட்டர் எண்ணெயைக் கொதிக்கவிடும்? வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மழைக்காலத்தில் தாராவிச் சந்துகளில் முழங்கால் சாக்கடையில் நடப்பவர்கள்தான் அதைச் சொல்ல வேண்டும், அவர்களில் பலர் நல்ல வீடு கேட்கிறார்கள். தொழிலையும் கணக்கில் சேருங்கள் என்றும் அவர்களேதான் கேட்கிறார்கள்.

இந்த வருஷம் பொட்டலம் கட்டுபவர்களுக்கு ஒரு யோசனை. கோவண்டியில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் மேற்கே இறங்கினால் 90 அடி ரோடு கிட்டத்தில். பொங்கலன்று தமிழ்ப் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கும் அதே ரோடு. அங்கே கேட்டால் பட்டறைக்கு வழி சொல்வார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் போங்கள், கடைசி வாரத்தில் சில்லறைக்குக் கொடுக்க அவர்களுக்கு நேரமிருக்காது. அன்று சுட்டதைக் கேளுங்கள். நன்றாக ஆறவிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மூன்று வாரம் நிற்கும், விமானத்துக்கும் தாங்கும். மராத்தி வீட்டுக்கு சக்லி வேண்டாம், அது அவர்களிடமே இருக்கும். நெல்லைக்காரர் யாராவது முந்திரிக்கொத்து போட்டிருந்தால் அதை வாங்குங்கள், பாசிப்பயறும் வெல்லமும் அவர்களுக்குப் புதிது. ரம்ஜானுக்கு ஷீர் குர்மா அனுப்பும் பாய் வீட்டுக்கு (இது நம்மூர் பாய்தான்) கைச்சுற்று முறுக்கு. கொடுக்கும்போது எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். தாராவி என்று சொல்லிக் கொடுங்கள்.