வெற்றுப் பெட்டி



ஆரணியில் என் பணிநிறைவு விழாவில் நம் கணக்கு வாத்தியார் பேசிய காணொளியை என் வலைப்பக்கத்தில் இணைத்திருந்தேன். நேற்று திறந்தால் வெற்றுப் பெட்டிதான். காணொளி இருந்தது வேறொரு தளத்தில்; அங்கே நீங்கியதும் இங்கேயும் போய்விட்டது.

இது பழைய சிக்கல்தான். 1993இல் மொசைக் உலாவி எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. படம் வராவிட்டால் விளக்கமாவது தெரிய, 1995இல் வந்த எச்.டி.எம்.எல். 2.0 'ஆல்ட்' என்னும் மாற்றுரைக்கு இடம் தந்தது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷ் ஆதரவு முடிந்தது. எத்தனையோ அசைவுப்படப் பாடங்கள் நின்றுபோயின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்ட நூல்களோ, எழுத்தாக இருப்பதால் இன்றும் திறக்கின்றன.

வாத்தியார் இப்போது இல்லை. அவர் பேசியதை நான் எழுதி வைக்கவில்லை, தவறு என்னுடையது. நீங்கள் எதை இணைத்தாலும் கீழே நாலு வரி எழுதுங்கள். அந்தக் காணொளி யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.