ஸ்டீரியோடைப்: ஈயத்தில் வார்த்த சொல்

"தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் கணக்கில் கெட்டிக்காரர்." இதை உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு கூட்டத்தையே இப்படி ஒரே மாதிரி நினைப்பதைத்தான் ஸ்டீரியோடைப் என்கிறோம். இந்தச் சொல் பிறந்தது அச்சுக்கூடத்தில் என்பது தெரியுமா?

அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி ஈய எழுத்தாக எடுத்துக் கோர்த்துத்தான் ஒரு பக்கத்தை அச்சிட்டார்கள். அச்சடித்து முடிந்ததும் அவற்றைப் பிரித்து அடுத்த பக்கத்துக்குப் பயன்படுத்துவார்கள். அதே புத்தகம் மறுபடியும் வேண்டுமென்றால் முதலில் இருந்து கோர்க்க வேண்டும். புதிய பிழைகளும் கூடவே வரும்.

18ஆம் நூற்றாண்டில் எடின்பரோ பொற்கொல்லர் வில்லியம் கெட் ஒரு வழி கண்டார். கோர்த்த பக்கத்தின் மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்து, அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றினார். முழுப் பக்கமும் ஒரே தகடாகக் கிடைத்தது. பிறகு பாரிஸில் ஃபிர்மன் திதோ, 1795இல் மடக்கை அட்டவணைப் புத்தகம் ஒன்றை அச்சிட்டபோது, எழுத்துகள் அசையாதபடி பக்கத்தை ஒரே கட்டியாக்கினார். அட்டவணையில் ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு பிழைத்துவிடும் அல்லவா? ஸ்டீரியோடைப் என்ற பெயரைத் தந்தவரும் அவரே. கிரேக்க மொழியில் 'ஸ்டெரெயோஸ்' என்றால் திடமானது, 'டைபோஸ்' என்றால் பதிவு.

இதே தகட்டுக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த இன்னொரு பெயர் 'கிளிஷே'. இன்று அது தேய்ந்துபோன பேச்சைக் குறிக்கிறது.

1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் தன் புத்தகத்தில், மனிதர்களைப் பற்றி நம் மனதில் முன்கூட்டியே பதிந்திருக்கும் படங்களுக்கு இந்த அச்சுக்கூடச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்தப் பொருளே இன்று நிலைத்திருக்கிறது.

எனக்குக் கணக்கு வராது. பள்ளியில் நான் உதவி கேட்டபோது, "உனக்கு எதற்கு உதவி?" என்று ஆசிரியர் சிரித்தார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று உதவி கிடைக்கவில்லை. நாமும் சும்மா இல்லை. "வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பாசம் இல்லை" என்று நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்!

வார்த்த தகட்டில் ஒரு பிழையைத் திருத்த, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, சரியான எழுத்தை வைத்து ஒட்ட வேண்டும். சிரமமான வேலைதான். ஆனாலும் அச்சுத் தொழிலாளர்கள் அதைச் செய்தார்கள்.