படம் வரவில்லை என்று சொல்வதற்கு முன்

"தம்பி, தங்கச்சி போன கிழமையே அனுப்பிட்டாளாம். உங்களிட்ட வந்ததோ?"

காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைத் தேடும் தாயொருவர் தொலைபேசியில் இப்படிக் கேட்டார். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேறியவர். வீட்டிலிருந்த அல்பம் எதுவும் மிஞ்சவில்லை. முன்னர் ரொறன்ரோவிலுள்ள தங்கைக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பிய ஒரு படம் மட்டும் அங்கே பத்திரமாக இருந்தது. வன்னியில் பல குடும்பங்களின் நிலை இதுதான். இங்கே எரிந்ததும் தொலைந்ததும் போக, மிச்சப் படங்கள் கடல் கடந்த உறவினரின் அலுமாரிகளில் இருக்கின்றன.

அந்தப் படங்களைத் திரட்டி உரியவர்களிடம் சேர்க்கும் வேலையை நாங்கள் சிலர் கிளிநொச்சியில் செய்துவருகிறோம். அன்று நான் சொன்ன பதில்: "இல்லையம்மா, ஒண்டும் வரேல்லை." அது உண்மையல்ல. படம் 11 நாட்களாக எங்கள் சேமிப்பகத்தில் இருந்தது. அது வந்ததை எங்களுக்கு அறிவிக்கவேண்டிய இணைப்பை நாங்கள்தான் பிழையாக அமைத்திருந்தோம்.

அந்தப் பிழையிலிருந்து கற்றுக்கொண்டதை, இதேபோன்ற வேலையில் இறங்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் இளைஞர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். நான் கணினி பொறியியலாளர் அல்லன்.

எவையெவை தேவை

நாங்கள் பயன்படுத்துவது மூன்று சேவைகளை. முதலாவது கிளவுடினரி. படங்களையும் காணொளிகளையும் சேமித்து, அளவு மாற்றி, இணைப்பாகத் தரும் ஊடக முகாமைத்துவச் சேவை இது. புலம்பெயர்ந்த உறவினர் ஒரு படிவத்தின் ஊடாக இதில் படத்தைத் தரவேற்றுவார்.

இரண்டாவது ரபிட்எம்கியூ என்ற செய்தி வரிசை. இதைச் சொந்தக் கணினியில் நிறுவாமல், கிளவுட்ஏஎம்கியூபி போன்ற சேவையிடம் வாடகைக்குப் பெறலாம். மூன்றாவது என்8என். பெட்டிகளை வரைந்து கோடுகளால் தொடுத்து வேலைகளைத் தானியக்கமாக்கும் கருவி இது. நிரல் எழுதுவது மிகக் குறைவு என்பதால் இவ்வகைக் கருவிகளைக் குறைநிரல் கருவிகள் என்கிறார்கள். இதைச் சொந்தச் சேவையகத்திலும் இயக்கலாம்.

நடுவில் வரிசை எதற்கு?

கிளவுடினரியில் படம் ஏறியதும், நாம் கொடுத்த இணைய முகவரிக்கு அது ஓர் அறிவித்தலை அனுப்பும். இதற்கு வெப்ஹூக் என்று பெயர். அந்த அறிவித்தலை நேரே ரெலிகிராமுக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

கனடாவில் பகலாக இருக்கையில் இங்கே இரவு. மின்சாரம் போகலாம், இணையம் அறுந்திருக்கலாம், எங்கள் கருவி நின்றிருக்கலாம். பதில் கிடைக்காவிட்டால் அனுப்பும் சேவை சில தடவைகள் மீண்டும் முயன்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும். நேரே அனுப்பும் அறிவித்தல் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போகும் ஆளைப் போன்றது. வரிசையோ பதிவுத்தபால். ஆள் இல்லையென்றால் தபாற்கந்தோரில் காத்திருக்கும். கையெழுத்து வைத்த பின்னரே கைமாறும். வரிசையிலுள்ள செய்தியும் அப்படித்தான். பெற்றவர் ஏற்புச் சொல்லும்வரை அது நீங்காதபடி அமைக்கலாம்.

இணைக்கும் முறை

முதல் ஓட்டத்தில் இரண்டு பெட்டிகள் போதும். என்8என்னில் வெப்ஹூக் பெட்டியொன்றை வைத்து, அதை ரபிட்எம்கியூ பெட்டியுடன் தொடுக்க வேண்டும். வெப்ஹூக் பெட்டி தரும் முகவரியைக் கிளவுடினரியின் அறிவித்தல் அமைப்பில் இடவேண்டும்.

நாங்கள் தவறியது இங்கேதான். அந்தப் பெட்டி பரிசோதனைக்கு ஒன்றும் நிரந்தரப் பாவனைக்கு ஒன்றுமாக இரண்டு முகவரிகளைத் தரும். பரிசோதனை முகவரி நாம் திரைக்கு முன் இருந்து பரிசோதிக்கும்போது மட்டுமே கேட்கும். நாங்கள் அதையே கொடுத்துவிட்டு, ஒருமுறை பரிசோதித்து மகிழ்ந்து, கணினியை மூடிவிட்டு வீடு போய்விட்டோம். நிரந்தர முகவரியைக் கொடுத்து, ஓட்டத்தை இயங்கு நிலைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

இன்னொன்று, வெப்ஹூக் பெட்டி எப்போது பதில் சொல்லவேண்டும் என்பது. உடனே பதில் சொல்லும்படி விட்டால், செய்தி வரிசையில் சேருமுன்னரே 'கிடைத்தது' என்று சொல்லிவிடும். கடைசிப் பெட்டி முடிந்த பின் பதில் சொல்லும் தெரிவை எடுங்கள். வரிசையை உருவாக்கும்போது குவோரம் வகையைத் தெரிந்தால் செய்திகள் வட்டில் எழுதப்படும்; சேவையகம் நின்று மீண்டும் தொடங்கினாலும் அவை அழியமாட்டா.

இரண்டாவது ஓட்டம் ரபிட்எம்கியூவிலிருந்து தொடங்கும். செய்தியை எடுத்து, எங்கள் இடாப்பாகிய தரவுத்தளத்தில் பதிந்து, பிறகு ரெலிகிராம் வழியாகத் தொண்டருக்கு அறிவிக்கும். செய்தியை வரிசையிலிருந்து எப்போது நீக்குவது என்ற தெரிவில், ஓட்டம் வெற்றியாக முடிந்த பின் என்பதையே எடுக்க வேண்டும். எடுத்தவுடனே நீக்கினால், இடாப்பில் எழுதுமுன் மின்சாரம் போகும் இரவில் ஒரு படத்தின் தகவல் போய்விடும்.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. இடையில் தடங்கல் வந்தால் அதே செய்தி இரண்டாம் முறையும் வரும். ஆகவே கிளவுடினரி ஒவ்வொரு படத்துக்கும் கொடுக்கும் அடையாள எண்ணை இடாப்பின் திறவுகோலாக வைத்து, அந்த எண் ஏற்கெனவே இருந்தால் புதிதாக எழுதாமல் விடவேண்டும். ஒரே மகனின் படம் வேறு இருவருடையது போல் இடாப்பில் நின்றால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

எல்லாம் சரியாக இருந்தாலும் நாங்கள் இன்னொரு காவலும் வைத்திருக்கிறோம். நாள்தோறும் காலையில் மூன்றாவது ஓட்டமொன்று, கிளவுடினரியிலுள்ள படங்களின் பட்டியலை எடுத்து இடாப்புடன் ஒப்பிடும். அங்கே இருந்து இங்கே இல்லாதவை எங்கள் கைபேசிக்கு வரும். இந்த ஒரு பெட்டி அன்று இருந்திருந்தால் அந்தத் தாய் 11 நாட்கள் காத்திருந்திருக்கமாட்டார்.

எதை அனுப்பக்கூடாது

எங்கள் சூழலில் ஒரு படம் வெறும் படமல்ல. அதில் பின்னால் நிற்பவர் யாரென்பதும், எங்கே எடுக்கப்பட்டதென்பதும் உயிரோடிருப்பவருக்கு இடர் தரலாம். கிளவுடினரியில் வழமையான முறையில் ஏற்றும் படத்தை, இணைப்பு தெரிந்த எவரும் திறக்கலாம். அதனால் அனுமதி பெற்றவர் மட்டும் திறக்கக்கூடிய வகையில் ஏற்றுகிறோம். பார்க்கவேண்டியவருக்குக் குறித்த நேரத்தில் காலாவதியாகும் இணைப்பைக் கொடுக்கிறோம்.

பழைய படத்தைக் கைபேசியால் படமெடுத்து அனுப்பும்போது, எடுத்த வீட்டின் இருப்பிடத் தகவல் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கலாம். மூலக் கோப்பில் அது அப்படியே இருக்கும். அளவு மாற்றிய பிரதியில் கிளவுடினரி வழமையாக அதை நீக்கிவிடும். பிறருக்குப் பிரதியையே கொடுங்கள். மூலத்தைத் தனியான வன்தட்டிலும் சேமியுங்கள். எந்தச் சேவையும் ஒருநாள் கணக்கை மூடலாம். 2017இல் யூரியூப்பின் தானியங்கி நீக்கத்தில் சிரியப் போரைப் பதிந்த ஏராளமான காணொளிகள் மறைந்ததை மறந்துவிடக்கூடாது.

ரெலிகிராம் பொட்டுக்கு அனுப்பும் செய்தி முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டதல்ல. ஆகவே அதில் பெயரோ ஊரோ படமோ போவதில்லை. "புதிய படம், எண் இன்னது" என்பது மட்டுமே போகும். யாருடையது என்பது இடாப்பில் இருக்கிறது. வெப்ஹூக்குடன் கிளவுடினரி அனுப்பும் கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முகவரி தெரிந்த எவரும் பொய் அறிவித்தல் அனுப்பலாம். இதற்குச் சில வரி நிரல் வேண்டும். தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தியிருந்தார்கள். இந்தத் தாய் அங்கே வெறுங்கையோடு இருந்தவர். 12ஆம் நாள் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, பிழை எங்களுடையது என்று சொன்னேன். அவர் படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "இன்னொண்டு அடிச்சுத் தருவியோ தம்பி, ஒண்டு வீட்டில மாட்ட" என்றார்.