ஹாட்டி மெக்டேனியல் அம்மையார்

1940 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29 ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், அம்பாசடர் ஓட்டலின் கோகனட் குரோவ் மண்டபத்தில் ஆஸ்கார் விருது விழா நடைபெற்றது. சிறந்த துணை நடிகைக்கான விருது ஹாட்டி மெக்டேனியல் என்னும் கறுப்பினப் பெண்மணிக்கு வழங்கப்பெற்றது. அவ்வினத்தவர் ஒருவர் ஆஸ்கார் பெறுவது அதுவே முதன்முறை. குரல் தழுதழுக்க அவர் நன்றி நவின்றார். ஆனால் விருது வாங்க அவர் எழுந்து வந்த இடம், உடன் நடித்தவர்கள் அமர்ந்திருந்த மேசை அன்று. சுவரோரமாக ஒதுக்கிப் போடப்பட்டிருந்த ஒரு சிறு மேசை. கறுப்பினத்தாரை விருந்தினராக ஏற்காத அவ்வோட்டலில், படத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியே வேண்டிக்கொண்டதன் பேரில்தான் அந்த இடமும் கிடைத்தது.

கான்சாஸ் மாநிலத்து விசிட்டா நகரில் 1893 இல் பிறந்தவர் ஹாட்டி. தாயும் தந்தையும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை ஹென்றி, உள்நாட்டுப் போரில் வடபுலத்துப் படையில் நின்று போரிட்டவர். பதின்மூன்று மக்களுள் கடைக்குட்டியான ஹாட்டி, டென்வர் நகரில் வளர்ந்து, உடன்பிறந்தாருடன் நாடகக் குழுக்களில் ஆடியும் பாடியும் ஊர் ஊராகச் சென்றார். 1920களில் டென்வர் வானொலியில் பாடினார். அமெரிக்க வானொலியில் முதன்முதல் பாடிய கறுப்பினப் பெண்டிருள் அவரும் ஒருவர். 1929 இல் பங்குச் சந்தை வீழ்ந்தபோது மேடைத் தொழிலும் நொடித்தது. மில்வாக்கி நகரத்து இரவு விடுதி ஒன்றில், பாடகியாக அன்று, கழிப்பறைப் பணியாளாக வேலைக்கு அமர்ந்தார். பின்னர் அதே விடுதியின் மேடையில் பாடும் வாய்ப்பும் வந்தது என்பது வேறு கதை.

1931 இல் லாஸ் ஏஞ்சலிஸ் சேர்ந்தார். அங்கும் வானொலி கைகொடுத்தது, ஊதியந்தான் போதவில்லை. நிகழ்ச்சியில் நேயர்களைச் சிரிக்க வைத்துவிட்டு, பிறர் வீடுகளில் பணிப்பெண்ணாக வேலை செய்து வயிறு வளர்த்தார். திரையுலகம் அவரை ஏற்றபோது கொடுத்ததும் பெரும்பாலும் அதே வேலையைத்தான். கறுப்பின நடிகை என்றால் சமையற்காரி, அல்லது பணிப்பெண். அக்காலத்து ஹாலிவுட்டின் கற்பனை அதற்குமேல் செல்லவில்லை.

அந்தக் குறுகிய எல்லைக்குள் அவர் செய்து காட்டியதை எண்ணும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது. 1935 இல் வெளிவந்த ‘ஆலிஸ் ஆடம்ஸ்’ படத்தில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. புழுக்கம் மிகுந்த மாலை. செல்வந்தர் போல் நடிக்க முயலும் ஏழைக் குடும்பம். அன்றைக்கு மட்டும் கூலிக்கு அமர்த்திய பணிப்பெண். தலைக் குல்லாய் சரிய, ஏனோதானோ என்று ஹாட்டி பரிமாறும் அழகில், அவ்வீட்டாரின் பொய்ப் பகட்டு முழுவதும் கலைந்து போகிறது. பேச்சோ மிகச் சில. கதாநாயகி காதரைன் ஹெப்பர்ன் பெருநடிகையாயினும், அக்காட்சியில் நம் கண் பணிப்பெண்ணையே பின்தொடர்கிறது.

1939 இல் வந்தது ‘கான் வித் த விண்ட்’. மாமி என்னும் அடிமைப் பெண்ணாக அதில் அவர் நடித்தார். குழந்தையை இழந்த வீட்டின் துயரத்தை, மாடிப்படி ஏறிக்கொண்டே அழுது சொல்லும் அந்த ஒரு காட்சிக்கே விருது தகும். உடன் படியேறும் ஒலிவியா டி ஹாவிலண்டும் அதே விருதுக்கு முன்மொழியப்பட்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும், டிசம்பர் 15 அன்று அட்லாண்டா நகரில் படம் முதன்முதல் திரையிடப்பட்டபோது, அம்மாநிலத்து இன ஒதுக்கல் சட்டங்களால் ஹாட்டியால் அவ்விழாவிற்குச் செல்ல இயலவில்லை.

அடிமை முறையை இனிய பழங்காலம் போலக் காட்டும் படம் அது. அடிமைகளின் மகளே அதில் மனநிறைவுள்ள அடிமையாகத் தோன்றியது அவர் இனத்தாரில் பலரை வருத்தியது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத் தலைவர் வால்டர் ஒயிட், இத்தகைய வேடங்களை ஒழிக்க வேண்டுமென 1940களில் ஹாலிவுட்டை வற்புறுத்தினார். பணிப்பெண்ணாக நடித்தால் வாரம் எழுநூறு டாலர், பணிப்பெண்ணாகவே இருந்தால் ஏழு டாலர், இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று அம்மையார் விடையளித்ததாகச் சொல்வர். ஒயிட்டின் கவலை நியாயமானதே. எனினும் கதை எழுதியவரையும் முதல் போட்டவரையும் கேட்க வேண்டிய கேள்வியின் சுமை, நடித்தவர் தலைமேல் மிகுதியாக விழுந்தது என்பதே நம் கருத்து.

திரைக்கு வெளியே அவர் பணிந்து போனவரல்லர். லாஸ் ஏஞ்சலிஸில் சுகர் ஹில் என வழங்கிய பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். வெள்ளையரல்லாதார்க்கு விற்கலாகாது என்னும் பத்திர நிபந்தனையைக் காட்டி, அண்டை வீட்டார் சிலர் வழக்குத் தொடுத்தனர். வேற்றூரில் வீடு தேடி அலைந்த நேயர்கள் இதன் வலியை ஓரளவு உணர்வர். ஹாட்டியும் பிற கறுப்பினக் குடியினரும் சேர்ந்து எதிர் வழக்காடினர். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரில், அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தைச் சுட்டி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948 இல்தான்.

1947 இல் ‘பியூலா’ என்னும் வானொலித் தொடரின் தலைமைப் பாத்திரம் அவரிடம் வந்தது. பியூலா ஒரு கறுப்பினப் பணிப்பெண். ஆனால் அதுவரை அவளுக்குக் குரல் கொடுத்து வந்தவர்கள் வெள்ளை ஆடவர்கள்! நம் நாடக மேடையிலும் ஆண்கள் பெண் வேடம் தாங்கியதுண்டு. எனினும் இனத்தையும் சேர்த்தே இரவல் வாங்கிய இக்கூத்து வேறு வகையானது. ஹாட்டி வந்த பின்னரே பியூலாவுக்கு உரிய குரல் கிடைத்தது.

1952 அக்டோபர் 26 அன்று, மார்பகப் புற்றுநோயால் அவர் காலமானார். ஹாலிவுட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென விரும்பினார். வெள்ளையர்க்கே உரிய இடமென்று அதுவும் மறுக்கப்பட்டமையால், ரோஸ்டேல் இடுகாட்டில் அடக்கமானார். மறுத்த இடத்தில் நினைவுக்கல் நாட்டப்பெற்றது 1999 இல். நடிப்புக்கான ஆஸ்கார் மற்றொரு கறுப்பினப் பெண்மணியாகிய ஹூப்பி கோல்ட்பர்க்கைச் சென்றடைந்தது 1991 இல்.

துணை நடிகர்க்கு அந்நாளில் சிலை தருவதில்லை. சிறு பலகை ஒன்றே தருவர். அப்பலகையை ஹாட்டி தம் உயில்வழி ஹாவர்டு பல்கலைக்கழகத்திற்கு விட்டுச் சென்றார். பின்னர் அது அங்கிருந்து காணாமற்போயிற்று. 2023 அக்டோபர் முதல் நாள், அதே போன்ற புதிய பலகையை ஆஸ்கார் அகாதெமி அப்பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது.