வைக்கோல் கூண்டு

மார்ச் கணக்கு முடிந்து மூச்சு விட்ட பிறகுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடிந்தது. இதற்குள் எங்கள் பாட்னா குவார்ட்டர்ஸில் ஐந்தாவதாக ஓர் ஆள் சேர்ந்திருக்கிறார். பெயர் லட்டு. ஜாதி, ஹாம்ஸ்டர். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கியது.

ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏண்டா, இங்க வயல்ல எலிக்கிட்டி வைக்க ஆளுக்குக் கூலி குடுக்கறோம். நீ காசு குடுத்து எலி வாங்கினியா?"

கடைக்காரர் கொடுத்த கூண்டு ஷூ டப்பாவை விடக் கொஞ்சம் பெரிது. கம்பி, அடியில் பிளாஸ்டிக் தட்டு, ஒரு கைப்பிடி மரத்தூள். மூன்றாம் நாளிலிருந்து ராத்திரி முழுக்கக் கம்பியைக் கடிக்கும் சத்தம். "அதுக்குப் பல்லு வளருதும்மா" என்று மகளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டுத் தூங்கினேன். ஒரு வாரத்தில் அதன் மூக்குக்கு மேல் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. "அப்பா, அது வெளிய வரணும்னு கேக்குது" என்றாள். அதற்கு மேல் எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததில் கிடைத்த கதைதான் இது.

இந்தப் பொன்னிற ஹாம்ஸ்டரின் சொந்த ஊர் சிரியாவில் அலெப்போ. அங்கே கிடைத்த ஒரு மாதிரியை வைத்து 1839-ல் லண்டனில் வாட்டர்ஹவுஸ் என்பவர் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். அதன் பிறகு பல காலம் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. மறுபடி தேட வைத்தது ஒரு வியாதி. அந்த வியாதியின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பீகாரில் வேலை பார்த்த யாருக்கும் அது தெரியாமல் இருக்காது. காலா அசார்!

ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் சால் ஆட்லர் என்ற ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளர், காலா அசார் வகையைச் சேர்ந்த நோய்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதற்கு அப்போது பயன்பட்டது சீன ஹாம்ஸ்டர். அசாமில் ஷார்ட், சுவாமிநாத் முதலானோர் மணல் ஈ கடித்தால் காலா அசார் தொற்றும் என்று 1931-ல் காட்டியதும் ஒரு ஹாம்ஸ்டரை வைத்துத்தான். சிக்கல் என்னவென்றால், அப்போது சீன ஹாம்ஸ்டர் கூண்டில் குட்டி போடவில்லை. ஒவ்வொரு முறையும் சீனாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. பக்கத்திலேயே வேறு ஜாதி கிடைக்குமா என்று விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனியிடம் கேட்டார் ஆட்லர்.

1930 ஏப்ரலில் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டினார்கள். தாயும் பதினோரு குட்டிகளும் கிடைத்தன. பெட்டியில் போட்ட சற்று நேரத்தில் தாய் ஒரு குட்டியைக் கொன்றுவிட்டது. மற்றவற்றையும் கொன்றுவிடுமே என்று பயந்து தாயைக் கொன்றார்கள். கண் திறக்காத பத்துக் குட்டிகளை அஹரோனியும் அவர் மனைவியும் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்து வளர்த்தார்கள். (இதைப் படித்துவிட்டு என் மனைவி லட்டுவுக்கு ஒரு பாதாம் பருப்பு எடுத்துக்கொண்டு போனாள்.)

குட்டிகள் பல்கலைக்கழக விலங்குக் கூடத்துக்குப் போயின. பொறுப்பாளர் பென் மெனாஹெம். போட்டது மரத்தரை வைத்த கூண்டு. ராத்திரியோடு ராத்திரியாகத் தரையைக் கடித்து ஐந்து தப்பிவிட்டன. ஒன்றும் உயிரோடு திரும்பவில்லை. ஒரு ஜாதியின் மொத்தக் கையிருப்பும் ஒரு கைவிரலுக்குள் வந்துவிட்டது! போதாக்குறைக்கு ஆண் ஒன்று ஒரு பெண்ணையும் கொன்றது.

அந்த மனுஷன் அடுத்து செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெரிய கம்பிவலைக் கூண்டு ஒன்றில் வைக்கோலை இறுக்கி அடைத்தார். மேலே சில அங்குலம் மட்டும் காலி. மிஞ்சியவை உள்ளே குடைந்து, தங்களுக்கு வேண்டிய வளையைத் தாங்களே செய்துகொண்டன. அங்கேதான் இனம் பெருக ஆரம்பித்தது. ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கும் மேல். 1931-ல் ஆட்லர் சிலவற்றைக் கோட்டுப் பையில் போட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1938-ல் அமெரிக்கா. உலகெங்கும் பரவிய இந்தச் செல்லப்பிராணி வம்சத்தின் தொடக்கம் அந்த வைக்கோல் கூண்டு.

1990-களின் கடைசியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அலெப்போ வயல்களுக்குப் போய் வளைகளை அளந்தார்கள். சராசரி ஆழம் 65 செ.மீ. ஒரு வளைக்கு வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுதான். ஜோடியே கிடையாது. ("ஜோடியா வாங்கிட்டுப் போங்க சார், பாவம் தனியா இருக்கும்" என்ற கடைக்காரரை நினைத்துக்கொண்டேன்.) ஸ்விட்சர்லாந்தில் மரத்தூளை 10, 40, 80 செ.மீ. ஆழத்தில் நிரப்பி வளர்த்துப் பார்த்தார்கள். 2006-ல் வெளிவந்த ஆய்வு அது. கம்பியை அதிகம் கடித்தவை 10 செ.மீ. கூண்டுக்காரர்கள். எங்கள் வீட்டில் 2 செ.மீ. கூட இல்லை. பல்லு வளருதாம்!

அடுத்த ஞாயிறு கண்ணாடிக் கடையில் நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்துக்குத் தொட்டி சொல்லிச் செய்தேன். மேலே கம்பிவலை மூடி. முக்கால் பங்குக்கு வாசனை சேர்க்காத மரத்தூள், வெயிலில் காயவைத்த வைக்கோல், கிழித்த காகிதம், அமுக்கி அமுக்கி. ("உங்க பேங்க்ல கிழிக்கற காகிதம் இருக்குமே?" என்றாள் மனைவி. ஆடிட்டில் நான் எலிக்குப் பதில் சொல்ல வேண்டும்.) ஒரு மூலையில் பலகைத் தட்டின் மேல் எட்டங்குலச் சக்கரம், கால் சிக்காத மூடின தரையோடு. கவிழ்த்து வைத்த மண்சட்டி ஒன்று. பாட்னா வெயிலுக்கு அது குளிர்ச்சியாக இருக்கிறது. தொட்டியை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், கண்ணாடி அடுப்பாகிவிடும்.

லட்டுவை விட்டோம். மோந்து பார்த்தது. கன்னப்பை நிறையத் தானியத்தை அடைத்துக்கொண்டு (எங்கள் கிளையில் கூட இவ்வளவு சுறுசுறுப்பான டெபாசிட் கிடையாது) தலைகீழாக உள்ளே போனது. கம்பி கடிக்கும் சத்தம் அன்றோடு நின்றது. மூக்கில் முடி முளைக்கிறது.

மகளுக்குத்தான் குறை. "இப்ப அதைப் பாக்கவே முடியலப்பா" என்கிறாள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வெளியே வரும். அதுவரை விழித்திருக்க அவளுக்கு அனுமதி இல்லை. காலையில் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு டியூட்டி போட்டிருக்கிறாள்.